மணிக்கட்டு வலியும் குரல்வழித் தட்டச்சும்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பத்திர எழுத்தர்களும் டிடிபி கடைக்காரர்களும் கைவலி என்று வரும்போது பெரும்பாலும் வலி தொடங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். பெருவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்து, ராத்திரியில் எழுந்து கையை உதறினால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். இதுதான் கார்ப்பல் டனல். மணிக்கட்டுக்குப் பட்டை கட்டுவது உதவும். ஆனால் பட்டையைக் கட்டிக்கொண்டு அதே பத்துப் பக்கம் அடித்தால் என்ன பயன்? அடிக்கும் அளவு குறைய வேண்டும். பாதி வேலையை வாய்க்கு மாற்றலாம்: நீங்கள் மைக்கில் பேசினால் கணினியே தட்டச்சு செய்யும்.

விண்டோஸ் 11-ல் தமிழை மொழிப்பட்டியலில் சேர்த்து, தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்த பிறகு விண்டோஸ் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தால் நீங்கள் பேசும் தமிழ் ஆங்கிலச் சொற்களாக விழும்; பலர் "இது தேறாது" என்று விட்டுவிடுவது இங்கேதான். கூகுள் டாக்ஸ் என்றால் குரோமில் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங். 2017 முதல் அதில் தமிழ் உண்டு. இரண்டுக்குமே இணையம் வேண்டும்.

மைக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். செல்போன் இயர்போனின் பின்னில் மூன்று கருவளையங்கள் இருக்கும். அதை, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை உள்ள பழைய கணினியில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. யூஎஸ்பி ஹெட்செட் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்தில் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள், மூச்சுக்காற்று அடிக்காது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். ஆடி மாதக் குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் எங்களிடம் மருந்தில்லை.

சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவதுதான் பலரும் செய்யும் தவறு. தனியாகக் "கரை" என்றால் "கறை" என்று விழலாம். "ஆற்றின் வடகரையில்" என்று தொடராகச் சொன்னால் பக்கத்துச் சொற்களை வைத்துச் சரியாகப் பிடிக்கும். "வர்றாரு" வேண்டாம், "வருகிறார்" என்றே சொல்லுங்கள். நம் ஊர் நில அளவை தனிச் சிக்கல்: "மூன்று மா" என்பது "மூன்றுமா" என்று கேள்வியாகிவிடும். சர்வே எண், பரப்பு, ஆதார் எண் இவற்றைக் கையாலேயே அடியுங்கள். தவறு நேர்ந்தால் பத்திரமே பிழையாகிவிடும். ஆதார் எண்ணை நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்வதும் சரியில்லை. எல்லாப் பத்திரத்திலும் வரும் வழக்கமான வாசகங்களை ஒருமுறை சேமித்து ஒட்டிக்கொள்ளலாம். அதற்குக் கையும் வேண்டாம், வாயும் வேண்டாம்.

வலி திரும்பி வருவது திருத்தத்தில். ஒவ்வொரு பிழைக்கும் மவுஸைப் பிடித்தால் தட்டச்சைவிட மோசம். பக்கம் முழுவதும் பேசி முடியுங்கள், பிறகு ஒரே மூச்சில் திருத்துங்கள். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசும்போது நிறுத்தக்குறிக் கட்டளைகள் வேலை செய்யாது. "கமா" என்று சொல்லிவிட்டு, கடைசியில் கன்ட்ரோல், எச் அழுத்தி, அந்தச் சொல்லை முன்னுள்ள இடைவெளியோடு சேர்த்து "," குறியாக மொத்தமாக மாற்றலாம். இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிப்பதே வலித்தால் ஷிப்டை ஐந்து முறை தட்டுங்கள்; ஸ்டிக்கி கீஸ் வரும், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும்.

டிடிபிக்காரர்கள் கவனிக்க: குரலில் வருவது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரியும். நோட்பேடில் எடுத்து, யூனிகோடைப் பாமினியாக்கும் மாற்றியில் போட்டு, அப்புறம் ஒட்டுங்கள்.

முதல் வாரம் காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். பழகிய பின்னும் இருபது நிமிடம் பேசினால் ஐந்து நிமிடம் மௌனம், ஒரு மடக்குத் தண்ணீர். கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் தொண்டையைச் சிரமப்படுத்தும். குரல் கரகரப்பு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டைப் பொத்தான் போட வரவில்லை, டம்ளர் நழுவுகிறது, பெருவிரல் அடிச்சதை வற்றியிருக்கிறது என்றால் மைக் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், நரம்பில் மின்துடிப்பு எப்படிக் கடக்கிறது என்று பார்க்கும் நரம்பு கடத்தல் பரிசோதனைக்குப் போங்கள். வற்றிய சதை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.