டியூப்லைட்டை எரியவைக்கும் குட்டி விளக்கு

சோக் வைத்த பழைய டியூப்லைட்டில் சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒளிர்வது நான்கடிக் குழாய் இல்லை, பட்டியில் சொருகியிருக்கும் ஸ்டார்ட்டர்தான். அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒரு கண்ணாடிக் குமிழும், அதில் நியான் அல்லது ஆர்கான் வாயுவும் இருக்கும். அதுவும் ஒரு மின்னிறக்கக் குழாய்தான், அதாவது வாயு வழியே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் குழாய். பெரிய குழாயைப் பற்றவைக்க ஒரு குட்டிக் குழாய்!

வாயு சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில், ஓர் எலக்ட்ரான் வேகம் எடுப்பதற்குள் எதிலாவது முட்டிக்கொள்ளும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஓடப் பார்ப்பது மாதிரி. வாயுவைப் பெருமளவு வெளியேற்றிவிட்டால் ஓட இடம் கிடைக்கும். ஜெர்மனியின் பான் நகரில், கண்ணாடி ஊதிக் கருவிகள் செய்த ஹைன்ரிஹ் கைஸ்லர் 1857இல் இப்படித்தான் ஒளிரும் குழாய்களை உருவாக்கினார்.

ஓடிவரும் எலக்ட்ரான் பலமாக மோதினால் அணுவிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும். அதுவும் ஓடும், மோதும், மின்னோட்டம் பெருகும். மோதல் அந்த அளவுக்கு இல்லையென்றால், அணுவுக்குள்ளேயே ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறி மறுபடி இறங்கும். இறங்கும்போது அது விடும் ஆற்றல்தான் ஒளி. இந்த நிலைகளின் இடைவெளி தனிமத்துக்குத் தனிமம் மாறும். அதனால்தான் நியான் செம்மஞ்சளாகவும் சோடியம் மஞ்சளாகவும் ஒளிர்கின்றன.

டியூப்லைட்டில் ஆர்கானோடு துளி பாதரசமும் உண்டு. பாதரச ஆவி முக்கியமாக 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை விடும். அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை உள்வாங்கி, வெளிச்சமாகத் தருகிறது.

சரி, ஸ்டார்ட்டருக்கு வருவோம். அதன் ஒளிர்வில் வரும் சூட்டில் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து, எதிர்முனையைத் தொடும். உடனே ஒளிர்வு அணைந்து, மின்சாரம் குழாயின் இரு முனைகளிலும் உள்ள இழைகள் வழியே பாயும். சூடான இழைகள் எலக்ட்ரான்களை உமிழும். அதற்குள் தகடு ஆறி விலகும். ஓட்டம் சட்டென்று அறுந்ததும் சோக் சுருள் பல நூறு வோல்ட்டை ஒரே உதையாகக் கொடுக்கும்; குழாய் எரியும்.

அப்புறமும் சோக்குக்கு ஓய்வில்லை. மின்னோட்டம் கூடக் கூட வாயு இன்னும் எளிதாகக் கடத்தும் என்பதால், கட்டுப்படுத்த ஆள் இல்லையென்றால் குழாய் கெட்டுப்போகும். ஸ்டார்ட்டர் மட்டும் சும்மா இருக்கும்: எரியும் குழாயின் குறுக்கே உள்ள சுமார் 100 வோல்ட் அதை ஒளிரவைக்கப் போதாது.

இழைகளில் எலக்ட்ரான் உமிழும் பூச்சு தீர்ந்துபோனால், குழாய் பற்றினாலும் தொடர்ந்து எரியாது. ஸ்டார்ட்டர் மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். முனைகள் கறுத்து, விட்டுவிட்டு மினுக்கும் குழாயில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பயனில்லை, குழாயைத்தான் மாற்ற வேண்டும்.