மண் என்னும் திரி

மாலையில் செடிக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று. மண் கறுத்துவிட்டது, ஈர வாசனைகூட வருகிறது. பத்து நிமிடம் கழித்து ஒரு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். முதல் கணு வரை ஈரம், அதற்குக் கீழே புழுதி. தினமும் தண்ணீர் விட்டும் செடி வாடுகிறதே என்று குழம்புகிறவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் இதுதான் கதை. தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரவே இல்லை. மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

எவ்வளவு எடுக்கும்? கடும் கோடையில், நனைந்த மண்ணிலிருந்து ஒரே நாளில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் ஆவியாகலாம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். அந்தப் பாத்திக்கு நாள்தோறும் 5 லிட்டர் தெளிக்கிறவர், கணக்குப்படி, வெயிலுக்குத்தான் நீர் பாய்ச்சுகிறார்.

மேல்மண் காய்ந்தால் கீழே இருக்கும் நீர் ஏன் சும்மா இருக்காமல் மேலே வருகிறது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே காரணம்தான். மண்துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகள் மெல்லிய குழாய்கள் மாதிரி. அவற்றின் சுவரை நீர் பற்றிக்கொள்கிறது. நீரின் பரப்பு இழுவிசை மீதியை இழுத்துக்கொண்டு ஏறுகிறது. இதுதான் நுண்புழை ஏற்றம். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர்தான் ஏறும். ஆரம் அதில் நூறில் ஒரு பங்கு என்றால், 1.5 மீட்டர். மண்ணின் நுண்ணிய சந்துகள் இந்த இரண்டாவது வகை.

மேற்பரப்பு நனைந்திருக்கும்வரை இந்தத் திரி தடையில்லாமல் வேலை செய்யும். வெயிலும் காற்றும் கேட்கிற அளவு முழுவதையும் மண் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓரிரு நாளில் மேல்மண் உலர்ந்ததும் நீரின் தொடர்ச்சி அறுந்துபோகிறது. அதன்பின் கீழே உள்ள நீர் ஆவியாகி, காய்ந்த மண்ணின் சந்துகள் வழியே மெல்லக் கசிந்துதான் வெளியேற வேண்டும். இழப்பு சட்டென்று குறைந்துவிடும். ஆக, வறண்ட மேல்மண் என்பது மண் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மூடி. தினமும் பூவாளியோடு போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறவர் அந்த மூடியைத் தினமும் திறந்துவிடுகிறார். அதே நீரைச் சேர்த்துவைத்து, சில நாளுக்கு ஒருமுறை, ஓர் அடி ஆழம் நனைகிற மாதிரி நிதானமாக விட்டால் மூடி பெரும்பாலான நாள் மூடியே இருக்கும். வேரும் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கும்.

சரி, மண்மேல் சருகையோ வைக்கோலையோ பரப்பிவைக்கும் மூடாக்கு எதற்கு? மண்ணுக்கு நிழல் தருகிறது, காற்றைத் தடுக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. சருகு, வைக்கோல், மரச்சீவல் இவற்றின் இடைவெளிகள் மண்ணின் சந்துகளைவிட மிகப் பெரியவை. அகன்ற குழாயில் நீர் ஏறாது அல்லவா? மண்ணின் உச்சிவரை வந்த நீர் சருகுக்குள் ஏற முடியாமல் அங்கேயே நிற்கிறது. திரியின் நுனியை வெட்டிவிட்டோம். இரண்டு மூன்று அங்குலக் கனம் போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகல் வரும், கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

இதே இயற்பியல் தொட்டிச்செடியில் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். வடியாது. நுண்சந்துகள் இறுகப் பிடித்திருக்கும் நீர், கற்களுக்கு நடுவே உள்ள பெரிய வெளிக்குள் லேசில் இறங்காது. கல்லுக்கு மேலே உள்ள மண் ஏறக்குறைய முழுவதும் ஊறிய பிறகுதான் சொட்டும். சேறாகும் பகுதி அடியில் இருப்பதற்குப் பதில் வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்பாதவர்கள் செவ்வக ஸ்பாஞ்சு ஒன்றை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி நீர் வடியும். உயரம் கூடினால்தான் வடிதல் கூடும். கல்லைப் போட்டு மண்ணின் உயரத்தைக் குறைத்தால் நேர்எதிர்தான் நடக்கும். ஓட்டை அடைபடாமல் இருக்க ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

வேர் உறிஞ்சிய நீரும் செடிக்குள் தங்குவதில்லை. 95 சதவீதத்துக்கு மேல் இலைத்துளைகள் வழியே வெளியேறிவிடும். இது வீண் இல்லை. கரியமில வாயுவை உள்ளே விடத் துளையைத் திறந்தால் நீராவி வெளியே போகத்தான் செய்யும். நண்பகலில் அகன்ற இலைகள் தொங்குவது சில சமயம் இந்த வரவு செலவில் வரும் தற்காலிகப் பற்றாக்குறைதான். உடனே வாளியைத் தூக்க வேண்டாம். மாலையில் இலை நிமிர்ந்துவிட்டால் மண்ணில் நீர் இருக்கிறது. விடியற்காலையிலும் தொங்கினால்தான் விஷயம் வேறு.

வீட்டுக்குள் நீர் வீணாகும் கதை எளிது, பெரும்பாலும் ஒழுகல்தான். நொடிக்கு ஒரு சொட்டு விடும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சொட்டு சேர்ந்து 1 மில்லிலிட்டர் என்று வைத்தாலே, ஒரு நாளின் 86,400 சொட்டுகள் 17 லிட்டரைத் தாண்டும். கழிவறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்கே தெரியாது. தொட்டியில் சிறிது உணவுச்சாயம் கலந்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது. துணி துவைத்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்புகிறவர்கள் சோப்பின் சோடியத்தைக் கவனிக்க வேண்டும். அது களிமண் துகள்களின் பிணைப்பைக் கலைத்து, இதுவரை பேசிய அந்தச் சந்துகளையே அடைத்துவிடும். அப்புறம் நீர் இறங்காது. கடைசி அலசல் நீரில் இந்தத் தொல்லை குறைவு.

மேற்பரப்பை நனைக்காமல் வேருக்கு மட்டும் நீர் தருவதுதான் இலக்கு என்றால், சொட்டுநீர்க் குழாய் அதை நன்றாகச் செய்கிறது. 1930களில், ஒழுகும் குழாயின் அருகே ஒரு மரம் மட்டும் ஓங்கி வளர்ந்திருப்பதைப் பொறியாளர் சிம்ஹா பிளாஸ் கவனித்தார். அந்த யோசனை 1965இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில்) நெட்டாஃபிம் என்னும் சொட்டுநீர்ப் பாசன நிறுவனமாக உருவெடுத்தது. ஆனால் அதைவிட என்னை வியக்கவைப்பது வெறும் மண்பானைதான். கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டுச் சீன வேளாண் குறிப்புகளிலேயே இந்த முறை இருக்கிறது. மெருகு பூசாத சுட்ட பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடி, சுற்றிலும் செடி நட வேண்டும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் அதன் நுண்சந்துகள் பானைச் சுவர் வழியே நீரை உறிஞ்சும். மண் நனைந்ததும் இழுப்பு தளர்ந்து கசிவு குறையும். வால்வு இல்லை, கடிகாரம் இல்லை. நல்ல மழை பெய்த மறுநாள் மூடியைத் திறந்து பார்த்தால், நீர்மட்டம் ஏறக்குறைய முந்தின நாள் விட்ட இடத்திலேயே நிற்கும்.