ஓடிட் வேலையில் சேரும் மலையகப் பிள்ளைகளுக்கு: பார்க்காததற்கு டிக் போடாதீர்கள்

உயர்தரத்தில் கொமர்ஸ் படித்துவிட்டு ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து ஓடிட் வேலைக்கு வரும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவன் நான். கண்டியிலோ கொழும்பிலோ நடுத்தர அளவிலான கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தால் வீடே பெருமைப்படும். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் முதல் வருடத்தில் இவர்களில் பலரைக் கீழே இழுப்பது கணக்குப் பாடம் தெரியாமையும் இல்லை, ஆங்கிலம் தடுமாறுவதும் இல்லை. கேள்வி கேட்கத் தயங்குவதுதான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள். தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடமும் துரையிடமும் (தோட்ட நிர்வாகியிடமும்) எதிர்க்கேள்வி கேட்டுப் பழகாத குடும்பங்கள். வீட்டில் அது மரியாதை. ஓடிட்டில் அந்த மௌனத்தால் பிழையான கணக்கு சரியென்று போய்விடும்.

எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். சீனியர் போன வருட ஃபைலைக் கையில் தந்து, "இதே மாதிரி செய்யுங்க" என்பார். புதுப் பிள்ளை அதே தலைப்புகளைப் போட்டு, அதே மாதிரி வவுச்சர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போடும். ஒரு வவுச்சருக்கு பில் இல்லை. கேட்டால் கிளாக்கர், "அது இருக்கு, அப்புறம் எடுத்துத் தாறேன்" என்கிறார். பொழுது போகிறது, பஸ் பிடிக்க வேண்டும், டிக் விழுந்துவிடுகிறது. அந்த டிக்குக்கு ஒரு பொருள் உண்டு: இதை நான் கண்ணால் பார்த்தேன், தொகையும் தேதியும் அனுமதிக் கையெழுத்தும் பொருந்துகின்றன. உங்களுக்கு மேலே இருக்கும் சீனியர், மனேஜர், நிறுவனத்தின் பங்காளர் எல்லோரும் அதை நம்பித்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள். இலங்கைக் கணக்காய்வு நியமம் 230 ஆவணப்படுத்தலைப் பற்றியது. அந்த வேலையில் சம்பந்தப்படாத, அனுபவமுள்ள இன்னொரு கணக்காய்வாளர் ஃபைலைத் திறந்தாலும் என்ன செய்தோம், என்ன கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தோம் என்பது விளங்க வேண்டும் என்று அது கேட்கிறது. பில் வரவில்லை என்றால் "பில் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மலையகப் பிள்ளைகளிடம் மற்றவர்களிடம் இல்லாத ஓர் அறிவு இருக்கிறது. அதை அவர்களே மதிப்பதில்லை, இதுதான் எனக்குப் பெரிய கவலை. தேயிலைத் தோட்டக் கம்பனி ஓடிட்டுக்குப் போகும்போது செக்ரோலை, அதாவது தொழிலாளரின் வேலையும் சம்பளமும் பதியும் ஏட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அது பெயரும் இலக்கமும் நிறைந்த நீளத் தாள். உங்களுக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) என்றால் என்ன, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்றால் என்ன, பறித்த தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்ன நடக்கும், மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கிலோ கழிப்பார்கள் என்று சின்ன வயதிலேயே தெரியும். அதைக் கொண்டு பாருங்கள். ஒருவருக்கு மாதம் முழுக்க ஒரே அளவு கிலோ விழுந்திருக்கிறதா? தீபாவளி அன்று கொழுந்து எடுத்ததாக ஒரு மலையில் பத்துப் பேருக்குப் பேர் விழுந்திருக்கிறதா? ஊரே கோயிலில் நிற்கும் நாளில் மலையில் யார் நின்றது என்று கேட்க உங்களுக்குத்தான் தோன்றும். ஆள் இல்லாமல் பேர் மட்டும் இருக்கிற மோசடியைப் பிடிக்க அப்படி ஒரு கேள்வியே தொடக்கம்.

அடுத்து, செக்ரோலின் மொத்தக் கிலோவைத் தொழிற்சாலையில் பதிந்த கொழுந்தின் எடையோடு பொருத்துங்கள். தொழிற்சாலைக்கு வந்த கொழுந்தை அதிலிருந்து ஆன தேயிலைத் தூளோடு பொருத்துங்கள். பொதுவாக நாலரைக் கிலோ அளவு கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் தேறும். கொழுந்தின் தரத்துக்கும் காலநிலைக்கும் ஏற்ப அது கொஞ்சம் ஏறும், இறங்கும். ஒரு மாதம் மட்டும் விகிதம் வெகுவாகத் தள்ளி நின்றால் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தையும் அப்படியே எழுதிக்கொள்ளாமல், அதற்கு என்ன பதிவு இருக்கிறது என்று பாருங்கள்.

செக்ரோலில் பிடித்த பணம் எங்கே போனது என்பது இன்னும் முக்கியம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்து, தொழில்தருநர் 12 வீதம் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநரே 3 வீதம். பிடித்தது செக்ரோலில் இருந்தால் போதாது, கட்டிய ரசீதைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள். வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். 2021இல் 1,000 ரூபாயான நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனபோது, பழைய வருடங்களுக்காகக் கம்பனி கொடுக்க வேண்டிய தொகையும் சேர்ந்தே ஏறியது. கம்பனியின் கணக்கில் அந்த ஏற்றம் தெரியவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டியது உங்கள் கடமை. அந்தத் தொகைக்குப் பின்னால் வயதான காலத்தில் அதை நம்பியிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களை உங்களுக்கு நேரில் தெரியும்.

இருப்புக் கணக்கெடுப்பு பற்றிக் கொஞ்சம். மார்ச் 31 வருட முடிவான கம்பனிகளில் புதுப் பிள்ளைகளைத்தான் ஸ்டோருக்கு அனுப்புவார்கள். ஸ்டோர்காரர் எண்ணிச் சொல்ல நீங்கள் எழுதக் கூடாது. நீங்களே எண்ணுங்கள். உர மூட்டைகளின் முன்வரிசையை மட்டும் எண்ணிப் பெருக்கிக் கணக்குப் போட்டுவிட்டு வராமல் பின்வரிசையும் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்திலிருந்து சிலவற்றை எடுத்து ஸ்டோரில் தேடுங்கள், ஸ்டோரில் கண்ட சிலவற்றைப் புத்தகத்தில் தேடுங்கள். கடைசியாக அனுப்பிய தூளின் இன்வொய்ஸ் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்காகக் கொழும்புக்குப் போய் இன்னும் விற்காமல் கிடக்கும் தூளும் கம்பனியின் இருப்புத்தான், அதற்கு ஏலத்தில் விற்றுத் தரும் புரோக்கரிடம் உறுதிப்படுத்தல் கடிதம் கேட்க வேண்டும்.

கேட்கும் விதமும் ஒரு பழக்கம்தான். "இது ஏன் பிழையா இருக்கு?" என்று தொடங்கினால் எந்தக் கிளாக்கரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஐயா, இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துவீங்களா?" என்றால் பெரும்பாலும் பைலோடு வந்து உட்காருவார். தமிழில் பேசத் தெரிந்த ஓடிட் பிள்ளையிடம் கங்காணியும் (தொழிலாளரை மேற்பார்ப்பவர்) டீமேக்கரும் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ வேலை பார்த்தால் மறைக்காதீர்கள். கிளம்புவதற்கு முன்பே மனேஜரிடம் சொல்லுங்கள், வேறு இடத்துக்கு மாற்றுவார். சொந்தக்காரர் வேலை செய்வது குற்றமில்லை. பிறகு தெரியவந்தால்தான் சங்கடம்.

நடுத்தர நிறுவனத்தைச் சின்ன இடம் என்று நினைத்து மனம் சோர வேண்டாம். பெரிய நிறுவனத்தில் ஒரு சீசன் முழுக்க ஒரே கம்பனியின் ஒரே பகுதியோடு நிற்க நேரலாம். இங்கே தோட்டம், ஹோட்டல், கூட்டுறவுச் சங்கம் என்று பலதையும் தொடக்கம் முதல் அறிக்கை வரை பார்ப்பீர்கள். பட்டயக் கணக்காளர் படிப்புக்குப் பயிற்சிக் காலம் தேவை. ஆகவே அந்த நிறுவனம் பயிற்சி தர அனுமதி பெற்றதா, பரீட்சை லீவு உண்டா, வெளியூர் வேலைக்குத் தங்கும் செலவு யார் பொறுப்பு என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகள் தங்குமிடத்தைப் பற்றி விரிவாகவே கேளுங்கள். கேட்டதற்காக வேலை போனால் அந்த வேலை போகட்டும்.

கடைசியாக ஒன்று. ஏதோ தவறு கண்ணில் பட்டால் கிளாக்கரிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், யாரையும் கள்ளன் என்று சொல்லாதீர்கள். பார்த்ததைத் தேதியோடும் வவுச்சர் இலக்கத்தோடும் எழுதி முதலில் சீனியரிடம் காட்டுங்கள். "சின்ன விஷயம், விடுங்க" என்று அவர் சொன்னால், ஏன் சின்னது என்று காரணத்தைக் கேட்டு அதையும் எழுதுங்கள். காரணம் மனதுக்குச் சரிப்படாவிட்டால் மனேஜரிடம் போங்கள், தேவைப்பட்டால் பங்காளரிடமே போங்கள். அறிக்கையில் கையெழுத்து வைப்பவர் அவர். நீங்கள் கண்டது அவருக்குத் தெரிய வேண்டியது அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்.