நைல் நதியின் நீண்ட நினைவு

வறட்சி ஓராண்டோடு விலகாமல் ஏன் அடுத்தடுத்து வருகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற வழக்கமான விடை ஓராண்டின் மழைக்குறைவுக்குப் பொருந்தும். வறண்ட ஆண்டுகள் பல கூட்டமாக வருவதற்கு அது மட்டும் போதாது.

1906-இல் எகிப்துக்குச் சென்ற நீரியல் அறிஞர் ஹெரால்ட் ஹர்ஸ்ட், நைலின் மிகை வெள்ளத்தை வறண்ட ஆண்டுகளுக்குச் சேமிக்க எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும் என்று கணக்கிட முனைந்தார். கெய்ரோவின் ரோடா தீவில் நீர்மட்டம் அளந்த பதிவுகள் கி.பி. 622 முதல் கிடைத்தன. ஆண்டுதோறும் வந்த நீரிலிருந்து சராசரியைக் கழித்து, மிகுதியை வரவாகவும் குறையைச் செலவாகவும் கொண்டு, பேரேட்டில் இருப்புக் கட்டுவதுபோல் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இருப்பு தொட்ட உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளிதான், எல்லா ஆண்டும் சராசரி அளவு நீரைத் திறந்துவிடத் தேவையான கொள்ளளவு.

நாணயம் சுண்டுவதுபோல் ஒவ்வோர் ஆண்டும் முந்தையதைச் சாராமல் வந்தால், காலம் 100 மடங்காகும்போது இந்த இடைவெளி 10 மடங்காகும்; 100-ஐ 0.5 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 10 வருவதால், இதன் அடுக்கு 0.5. ஆனால் நைலோடு மழை, மரவளையம், ஏரிச் சேற்றுப் படிவு எனப் பல தொடர்களை ஆராய்ந்து 1951-இல் ஹர்ஸ்ட் வெளியிட்ட முடிவில் அடுக்கு சராசரியாக 0.73. அதன்படி இடைவெளி ஏறக்குறைய 29 மடங்காகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான்: அதே எண்களைச் சீட்டுக்கட்டுபோல் குலுக்கிப் போட்டால், ஓர் எண்கூட மாறாமலே அடுக்கு 0.5-ஐ நோக்கி இறங்கிவிடும். வளமும் வறட்சியும் இனம் இனமாகச் சேர்ந்து நின்ற வரிசைதான் அதை உயர்த்தியிருந்தது.

ஏழு வளமான ஆண்டுகள், ஏழு பஞ்ச ஆண்டுகள் என்று யோசேப்பு முன்னறிவித்த விவிலியக் கதையை நினைத்து, கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிரோ இதற்கு 'யோசேப்பு விளைவு' என்று பெயரிட்டார். பெயர் அழகுதான்; எனினும் ஏழாண்டுச் சுழற்சி என்று நாள் குறிப்பவர்களுக்கு இதில் ஆதாரம் ஏதுமில்லை, ஏனெனில் இந்தக் கூட்டங்களுக்கு நிலையான நீளமே கிடையாது.

காரணத்தில்தான் விவாதம் தொடர்கிறது. மண்ணின் ஈரம் மாதங்களுக்கும், நிலத்தடி நீரும் கடலும் ஆண்டுகளுக்கும் பத்தாண்டுகளுக்கும் பழைய நிலையைச் சுமக்கின்றன. கடலின் மேல் 3 மீட்டர் நீரின் வெப்பக் கொள்ளளவே வளிமண்டலம் முழுவதற்கும் ஏறத்தாழ ஈடானது. இத்தகைய பல நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடினாலும், சராசரியே மெல்ல நகர்ந்தாலும், கணக்கில் ஒரே மாதிரியான அடுக்குதான் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய நீண்ட பதிவுகள் தேவை. ஆனால் மழைமானியை இடைவிடாமல் பராமரிக்கும் வேலைக்கு ஆய்வு நிதி எளிதில் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். 30 ஆண்டுப் பதிவை வைத்து அணை கட்டுபவர் சராசரி என்று எடுத்துக்கொள்வது, மழை மிகுந்த ஆண்டுகளின் ஒரே கூட்டத்தின் நடுப்பகுதியாகவும் இருந்துவிடலாம்.