பேச்சுவார்த்தையாளரைத் தூதுவர் ஆக்காதீர்கள்

மெய்ப்புப் பார்க்க வந்த கட்டுரையில் மறுபடியும் அதே தொடர்: ‘அமைதித் தூதுவர் மிரியம் கொரோனெல்-ஃபெரர்’. பிலிப்பைன்ஸ் அரசின் சார்பில் கிளர்ச்சியாளர்களோடு பேசிய பெண்மணி அவர். இந்தத் தொடர் இந்த ஆண்டில் மூன்றாவது தடவை. சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘பேச்சுவார்த்தையாளர்’ என்று எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் போனில், “ரொம்ப நீளமா இருக்கே” என்றார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் நெகோஷியேட்டர். ‘ஓய்வின்மை’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல், தொழில், வணிகம் என்று வளர்ந்து, பேசி முடிப்பதைக் குறிக்க வந்தது. அடிச்சொல் கதை இவ்வளவு போதும்.

தூது என்றால் என்ன? அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் போனாரே, அது தூது. அனுப்பியவர் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முடிவு அனுப்பியவர் கையில். இன்றைக்கோ ‘அமைதித் தூதுவர்’ என்பது நடிகர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் ஐ.நா. தரும் கௌரவப் பட்டம். ஃபெரர் செய்தது இரண்டும் அல்ல. பிலிப்பைன்ஸின் தென்பகுதித் தீவான மிண்டனாவோவில் போரிட்ட மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு பேசிய பிலிப்பைன்ஸ் அரசுக் குழுவுக்கு அவர் தலைவர். அதிகாரப் பகிர்வு, வருவாய்ப் பகிர்வு, ஆயுதங்களைக் கைவிடுவது எல்லாவற்றையும் பேசி, 2014 மார்ச் 27 அன்று மணிலாவில் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர். எதிர்த் தரப்பில் கையெழுத்திட்டவர் மொஹாகர் இக்பால். அதே கட்டுரை அவரைப் ‘பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர்’ என்கிறது! ஆணுக்கு நீளமாகத் தெரியாத சொல் பெண்ணுக்கு மட்டும் எப்படி நீளமாகிறது? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

‘மத்தியஸ்தர்’ என்று போடலாமே என்பார்கள். மத்தியஸ்தர் நடுவில் நிற்பவர், எந்தத் தரப்பும் சாராதவர். ஃபெரர் ஒரு தரப்பின் ஆள். அங்கே நடுவில் நின்றது மலேசியா. இலங்கைப் பேச்சுகளின்போது ஈழத்துப் பத்திரிகைகள் நோர்வேயை ‘அனுசரணையாளர்’ என்றே எழுதின. பேசும் தரப்பு வேறு, பேச உதவுபவர் வேறு என்ற தெளிவு அந்தச் சொல்லில் இருந்தது. அதை நாம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லையோ தெரியவில்லை.

‘வார்த்தை’ வடசொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் வருந்துவார்கள். அவர்கள் முன்வைக்கும் ‘பேச்சாளர்’ மேடைக்காரருக்குப் போய்விட்டது. ‘உடன்பாட்டாளர்’ என்றால் ஏற்கெனவே சம்மதித்துவிட்டவர் என்று தோன்றும். வார்த்தை நம் நாவில் வாக்குறுதியும் ஆகிவிட்டது; ‘வார்த்தை கொடுத்தேன்’, ‘வார்த்தை தவறமாட்டார்’ என்கிறோமே. பேசி, வார்த்தை கொடுத்து முடிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சரி, மேசையில் இடமே கிடைக்காத பெண்களை எப்படி அழைப்பது? 2003இல் கானாவின் அக்ராவில் லைபீரிய உள்நாட்டுப் போரை நிறுத்துவதற்கான பேச்சுகள் இழுத்தடித்தபோது, லைபீரியச் செயற்பாட்டாளர் லேமா போவீ தலைமையில் பெண்கள் கைகோத்து மண்டப வாசலில் உட்கார்ந்து, பிரதிநிதிகளை வெளியே விட மறுத்தார்கள். அவர்கள் போராட்டக்காரர்கள். கட்டுரை அவர்களையும் ‘தூதுவர்கள்’ என்றே எழுதியிருந்தது. அதையும் அடித்திருக்கிறேன்.