போர் தண்ணீரில் மோலி, மழைநீரில் நியான்

பெங்களூரில் மீன் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊர் முழுக்க ஒரே தண்ணீர் கிடையாது. அல்சூரில் இருக்கும் அக்கா வீட்டுக் குழாயில் காவிரி வரும். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் தம்பியின் அபார்ட்மென்டில் போர் தண்ணீர், கோடையில் டேங்கர். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்த பிறகும் பல கட்டடங்களில் இவை மூன்றும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன. ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய மீன் ஒரு வீட்டில் கொழுகொழுவென்று வளர்ந்து இன்னொரு வீட்டில் சுருண்டு போனால் தீனியையும் நோயையும் சந்தேகிக்கிறோம். தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்ப்பவர்கள் குறைவு.

சிவாஜிநகர் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். “அண்ணா, மோலியும் நியானும் ஒரே தொட்டியில விடலாமா?” “தாராளமா விடும்மா, ரெண்டும் சாதுதான்.” ரெண்டும் சாது என்பது உண்மை. சண்டை வராது. ஆனால் ஒன்றுக்குப் பிடித்த தண்ணீர் மற்றதற்கு ஆகாது, அதுதான் விஷயம்.

கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு. மழைநீரில் இவை அநேகமாக இருக்காது. அந்த நீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, பெங்களூருக்கு அடியில் இருக்கும் கிரானைட், நைஸ் பாறைகளின் விரிசல்களில் நீண்ட காலம் தங்கும்போது தாதுக்களைக் கரைத்துச் சேர்த்துக்கொள்கிறது. பக்கெட்டில் படியும் வெள்ளை வளையமும் கீஸர் காயிலில் ஏறும் பொருக்கும் அதன் அடையாளங்கள். காவிரி ஆற்றுநீர், பொதுவாகப் போர் தண்ணீரைவிட மென்மையானது.

மீன் வளர்ப்பவர்கள் இதை ஜிஹெச் டிகிரியில் அளப்பார்கள். 1 டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200 மில்லிகிராம், அதாவது 11 டிகிரி. வேறு வழியில்லாதபோது அனுமதிக்கப்படும் உச்சம் 600 மில்லிகிராம், சுமார் 33 டிகிரி. நாம் குடிக்கலாம் என்று சொல்லும் எல்லைக்குள்ளேயே மீனுக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள நீரில் குறைவு. உலர் திராட்சை தண்ணீரில் ஊறி உப்புவதைப் போல, செவுள் வழியாக நீர் ஓயாமல் உடலுக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை மிக நீர்த்த சிறுநீராக வெளியேற்றியபடி இருக்கும். உள்ளே இருக்கும் சோடியம், குளோரைடு ஒருபக்கம் கசியும். இழந்ததைச் செவுளில் இருக்கும் சிறப்புச் செல்கள் சக்தி செலவழித்துத் தண்ணீரிலிருந்து திரும்ப உறிஞ்சும். இந்த வேலை இரவு பகல் பாராமல் நடக்கிறது.

இதில் கால்சியத்தின் பங்கு அழகானது. செவுள் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளை அது இறுக்கிப் பிடிக்கிறது. கால்சியம் நிறைந்த நீரில் கசிவு குறைவு, மீனுக்கு வேலையும் குறைவு. மோலி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன், உவர்நீரிலும் வாழும். அதன் உடல் இந்த உதவியை நம்பியே அமைந்தது. அதை மென்னீரில் விட்டால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்து நடுங்கும். மருந்துக் கடைக்கு ஓடாமல் முதலில் ஜிஹெச் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

கார்டினல் டெட்ரா நேர் எதிர். அமேசானின் துணை ஆறான ரியோ நீக்ரோவில், கால்சியம் அநேகமாக இல்லாத அமிலத் தண்ணீரில் வாழும் மீன். அந்தத் தண்ணீரிலும் உப்பை அதிகம் கசியவிடாத செவுள் அதற்கு. அதன் நெருங்கிய உறவான நியான் ஓரளவு கடின நீரில் உயிரோடு இருக்கும், ஆனால் முட்டை பொரிவது அரிது. குஞ்சு பார்க்க ஆசைப்படுபவர்கள் 1, 2 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும்.

கேஹெச் என்று இன்னொரு அளவும் உண்டு. அது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு. அமிலம் சேர்ந்தாலும் பிஹெச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) சட்டென்று விழாமல் தாங்குவது அதுதான். போர் தண்ணீரில் கேஹெச் தாராளமாக இருப்பதால், பாதாம் மரத்து இலை போட்டாலும் பிஹெச் குறைக்கும் மருந்தை ஊற்றினாலும் இரண்டு நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அந்த மருந்து வாங்குவதை நிறுத்திவிடுங்கள் என்பேன், ஏறி இறங்கும் பிஹெச்தான் மீனை வாட்டுகிறது. அதே சமயம், கடின நீர்த் தொட்டியில் நெரிசல் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷ வடிவம் பிஹெச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு.

சரி, எந்த மீன்? ஜிஹெச் 15-க்கு மேல் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் கொண்டாட்டமாக வாழும், ஒன்றோடொன்றும் ஒத்துப்போகும். போஸ்மன் ரெயின்போ கொஞ்சம் பெரிய தொட்டிக்கு அருமையான தேர்வு, சுண்ணாம்புப் பாறை ஏரியிலிருந்து வந்த மீன் அது. 5 முதல் 12 வரை இருந்தால் ஸீப்ரா டேனியோ, செர்ரி பார்ப், குராமி, கோரிடோராஸ் என்று வாசல் அகலமாகத் திறக்கிறது. ஏஞ்சல் பிறப்பால் அமேசான் மீன்தான், ஆனால் சென்னை கொளத்தூர்ப் பக்கம் பண்ணைகளில் தலைமுறையாகப் பெருகிய ஏஞ்சல் நடுத்தர நீரைத் தாங்கும். 5-க்குக் கீழே கார்டினல், ராம் சிக்லிட், ஹார்லிக்வின் ரஸ்போரா. நீர் ஒத்துப்போனாலும் குணம் பார்க்க வேண்டும்: டைகர் பார்பை ஏஞ்சலுடன் விட்டால் துடுப்பைக் கடித்துக் கிழித்துவிடும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மிஸ் கேரளா மீனுக்குப் பெங்களூரின் இதமான தட்பவெப்பம் மிகவும் பிடிக்கும். மென்மையான அல்லது நடுத்தரமான, ஓட்டமுள்ள நீர் வேண்டும். அது இயற்கையில் அழிவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருக்கும் இனம். பண்ணையில் வளர்ந்தது என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது அபார்ட்மென்ட்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர். அந்த உருளைக்குள் இருக்கும் பிசின் மணிகள் ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போடுவது அதற்குத்தான். ஜிஹெச் 2 என்று காட்டும். கேஹெச் அப்படியே இருக்கும். டிடிஎஸ் மீட்டரிலும் எண் இறங்காது, ஏனென்றால் அது கரைந்திருப்பவை மொத்தத்தையும் குத்துமதிப்பாகக் காட்டுமே தவிர எது எவ்வளவு என்று பிரிக்காது. மோலிக்குக் கால்சியம் இல்லை, டெட்ராவுக்கு அமேசான் நீரும் இல்லை. சாஃப்ட்னருக்கு முந்தைய குழாய் எங்கே இருக்கிறது என்று பிளம்பரைக் கேட்டு அங்கிருந்து பிடியுங்கள். போர் தண்ணீர் என்றால் ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்ட பிறகு பிஹெச் பாருங்கள், கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறியதும் எண் ஏறியிருக்கும்.

மென்னீர் மீன்தான் வேண்டும் என்றால் கலப்பதே நேர்வழி. 24 டிகிரி நீர் 4 லிட்டரோடு ஆர்ஓ நீர் 12 லிட்டர் சேர்த்தால் 6 டிகிரி. ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றக் கூடாது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா கேஹெச்சைத் தின்றுகொண்டே இருக்கும், அது தீர்ந்தால் பிஹெச் மளமளவென்று சரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைநீரும் கைகொடுக்கும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்து வருவதைச் சுத்தமான டிரம்மில் பிடித்து இதே போலக் கலக்கலாம்.

அளப்பது எளிது. ஜிஹெச் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று போதும். சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி நீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினால் ஆரஞ்சு நிறம் வரும். சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று பச்சையாகும். எத்தனையாவது சொட்டில் பச்சையானதோ அத்தனை டிகிரி. சம்ப்பில் டேங்கர் இறங்கிய வாரத்தில் தண்ணீர் மாற்றும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு வாரம் எண் தாவுகிற வீட்டுக்கு டேனியோ, செர்ரி பார்ப் மாதிரி எதையும் தாங்கும் மீன்தான் சரி. மீன் வாங்கும்போது கடைத் தொட்டித் தண்ணீரையும் ஒரு சிறு பாட்டிலில் கேட்டு வாங்கி அளந்து பாருங்கள். உங்கள் தொட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், மீனைப் பையிலிருந்து ஒரு பக்கெட்டுக்கு மாற்றி, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை ஒரு மணி நேரமாவது சொட்டவிட்ட பிறகு உள்ளே விடுங்கள்.