சுப்பர் மூனும் சித்திராப் பறுவமும்

சுப்பர் மூன் வருகிறது என்றாலே வட்சப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும்: இன்றிரவு நினைத்தது நடக்கும், தண்ணீரை நிலவில் வைத்துக் குடியுங்கள் என்று. பூரணைக்குப் பூரணை விரதம் பிடிக்கிற எங்கள் ஊர் ஆச்சிமாருக்கு அப்படியொரு பெயரே தெரியாது. தெரிய நியாயமும் இல்லை, 1979இல் அந்தப் பெயரை வைத்தவர் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்கச் சோதிடர்.

நிலவின் பாதை நீள்வட்டம். சில நாள் 3,57,000 கிலோமீற்றர் வரை கிட்ட வரும், சில நாள் 4,06,000க்கு எட்டப் போய்விடும். கிட்ட வருகிற நேரத்தில் பூரணையும் விழுந்தால் சுப்பர் மூன். எட்ட நிற்கிற பூரணையைவிட விட்டம் 14 சதவீதம் வரை பெரிது, அவ்வளவுதான். வடலிக்குப் பின்னால் பென்னாம்பெரிசாக எழும்புவது கண்ணின் மயக்கம். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், முழுதாக மறைந்துவிடும்.

சரி, சித்திரை மாதத்துப் பூரணையான சித்திராப் பறுவத்துக்கு வருவோம். தாயில்லாதவர்கள் பிடிக்கிற விரதம். அம்மா போனபிறகு நானும் பிடிக்கிறேன். கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், கஞ்சி வார்ப்பார்கள். அதற்குப் பஞ்சாங்கத்தில் நாங்கள் பார்ப்பது திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைத்தான், நிலவு கிட்டவா எட்டவா என்று அதில் ஒரு வரியும் இல்லையே என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன்.

இருக்கிறது, நேரமாக இருக்கிறது. சூரியனிலிருந்து நிலவு 12 பாகை விலக எடுக்கிற நேரம் ஒரு திதி. கிட்ட வந்தால் நிலவு வேகமாக ஓடும், திதி சுமார் 20 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எட்டப் போனால் 26 வரை இழுபடும். வாக்கிய பஞ்சாங்கக்காரரிடம் இன்னும் அழகான கணக்கு உண்டு. நிலவு அன்றன்று எங்கே நிற்கும் என்று சொல்லும் அவர்களுடைய சந்திர வாக்கியங்கள் 248, நாளுக்கு ஒன்று. ஏன் 248? நிலவு ஒருமுறை கிட்ட வந்து மறுபடி கிட்ட வர ஏறக்குறைய 27.55 நாள், அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். தூரத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில், வேகத்தை வைத்தே பிடித்திருக்கிறார்கள். (இன்றைய வானியல் கணக்கில் போடுகிற திருக்கணிதமா, பழைய வாக்கியமா சரி என்ற சண்டைக்குள் நான் வரவில்லை.)

அடுத்த பூரணைக்குத் திருக்கணித பஞ்சாங்கத்தை எடுத்து, திதி முடிகிற நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழியுங்கள். 21 மணித்தியாலத்துக்குள் வந்தால், அன்று நிலவு கிட்டத்தான் நிற்கிறது.